அதையும் எழுதிக்கிருங்க

'தூக்கு' என்ற சொல்லை உமையாள் வாயில் எடுத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. கேஸ் சிலிண்டரை நகர்த்த வேண்டுமென்றால், "அந்தப் பக்கம் எடுத்து வைங்க" என்பாள். பேரப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தால், "வா, இடுப்புல ஏறிக்கோ" என்பாள். கோயிலுக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குச்சட்டி அவள் வீட்டில் வெறும் சட்டி. கணவர் மாணிக்கம் பல வருஷம் இதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் ஏன் என்று கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் உமையாள். தமிழ்ப்பள்ளியில் படித்தாள், பிறகு மலாய்ப் பள்ளி, ஆங்கிலம் தானாக வந்தது. இருபத்து நாலு வயதில் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. செட்டியார் வீட்டுப் பெண்ணுக்கு டீச்சர் வேலை போதாதா, கொலைகாரனுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சாட்சி, "நான் பார்த்தேன்" என்றால் இவளும் மலாயில், "நான் பார்த்தேன்" என்பாள். திருடன், "நான் எடுத்தேன்" என்றால் இவளும், "நான் எடுத்தேன்." 'அவர் சொல்கிறார்' என்று சேர்க்கக்கூடாது, கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. முப்பத்தாறு வருஷம் அவள் ஆயிரம் பேருடைய 'நான்' ஆக இருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து குளித்தால் எல்லாம் போய்விடும்.

ஒன்று மட்டும் போகவில்லை.

2010-ல் ஒரு கொலை வழக்கு. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த சலாவுதீன் என்பவர் கடை அடைக்கிற நேரத்தில் இரண்டு பேர் உள்ளே புகுந்திருக்கிறார்கள். பையைப் பிடுங்கினார்கள், அவர் விடவில்லை. கதவு இழுக்கிற இரும்புக் கம்பி ஒருவன் கைக்கு வந்தது. சலாவுதீன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஒருவன் தப்பினான், இன்றுவரை கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தவன் கிடைத்தான். பெயர் கார்த்திகேசு. கம்போங் மேடான் அடுக்குமாடியில் அம்மாவோடும் தங்கையோடும் இருந்தவன், லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை, ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், வயது இருபத்தைந்து.

அப்போது சட்டத்தில் கொலைக்கு ஒரே தண்டனைதான். நீதிபதி வேறு ஒன்றும் கொடுக்க முடியாது. அவர் மலாயில் வாசித்து முடித்து உமையாளைப் பார்த்தார். உமையாள் கூண்டுப் பக்கம் திரும்பி, வழக்கமாகச் சொல்வதை விடக் கொஞ்சம் மெதுவாக, அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள்.

கார்த்திகேசு தலையை முன்னால் நீட்டினான். "கேக்கலக்கா. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் நீதிபதியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.  இரண்டாவது தடவை அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நீ சாகும் வரை கழுத்தில் கயிறிட்டுத் தூக்கிலிடப்பட வேண்டும். அவன் "சரிக்கா" என்றான். அவள் அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

வெளியே நடைபாதையில் அவனுடைய அம்மா தங்கமணி நின்றிருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அந்த அம்மாளுக்குச் சந்தை மலாய் தெரியும், கோர்ட்டு மலாய் புரியாது. அவள் கத்தவில்லை. உமையாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ முகவரி விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"ஏம்மா, அந்த ஐயா என்னமோ படிச்சாரு. அது எனக்கு வெளங்கல. என் புள்ளையைச் சாகச் சொன்னது நீதானே? ரெண்டு தடவை சொன்னியே."

உமையாள் கையை விடுவித்துக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வழக்குகள். ஆனால் பாசாரில் மீன் வாங்கும்போது, கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கும்போது, கூட்டமான ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, பின்னால் யாரோ, "கேக்கலக்கா" என்பார்கள். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள், அல்லது யாரோ ஒருவர் போனில் பேசிக்கொண்டிருப்பார். தங்கமணி அம்மாள் கொரோனா சமயத்தில் இறந்துபோன செய்தியைப் பிறகுதான் கேள்விப்பட்டாள். அந்தக் கேள்வி இறக்கவில்லை.

2023-ல் சட்டம் மாறியது. கட்டாய மரண தண்டனை எடுக்கப்பட்டது. ஏற்கெனவே தண்டனை பெற்றவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம், நீதிபதிகள் பார்த்து உயிரை விட்டுவைக்கலாம், நீண்ட சிறை கொடுக்கலாம் என்று வந்தது. அடுத்த வருஷம் உமையாள் ஓய்வு பெற்றாள். இரண்டு மாதம் கழித்து ஷாமினி வீட்டுக்கு வந்தாள்.

ஷாமினி முப்பது வயது வழக்கறிஞர், பெட்டாலிங் ஜெயாக்காரி. மரண தண்டனைக் கைதிகளுக்காக இலவசமாக வாதாடுகிற ஒரு சிறு குழுவில் இருந்தாள். வீட்டுத் தமிழ் பேசுவாள், அதிலும் பாதி ஆங்கிலம். கொலையுண்டவர்களின் குடும்பங்களைப் பார்த்து அவர்கள் நினைப்பதை எழுதி வாங்க வேண்டியிருந்தது. அதற்கு நல்ல தமிழ் தெரிந்த, கோர்ட்டு நடைமுறை தெரிந்த ஆள் தேவை.

மாணிக்கம் காப்பியோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும். "ஏம்மா, கொன்னவனுக்கு உயிர் மேல உரிமை இருக்குன்னு சொல்றீங்க. செத்தவனுக்கு அது இல்லையா?"

"இருந்துச்சு அங்கிள். அதை எடுத்தது தப்பு. அதனாலதான் நாமளும் எடுக்கக்கூடாதுன்னு சொல்றோம்."

"இதெல்லாம் வெள்ளைக்காரன் மேசையில உக்காந்து எழுதினது. நமக்குன்னு ஒரு தர்மம் இருக்கு. செஞ்சவன் அனுபவிக்கணும்."

"கொல்லாதேன்னு சொல்றதுக்கு வெள்ளைக்காரன் எதுக்கு அங்கிள்?" ஷாமினி சிரித்தாள். "யாரா இருந்தாலும், எந்த மதமா இருந்தாலும், என்ன செஞ்சிருந்தாலும், அந்த ஒரு உரிமை போகாது. அவ்வளவுதான் லா."

"அப்படின்னா குடும்பத்துக்கிட்ட எதுக்கு எழுதி வாங்கணும்?" என்று கேட்டாள் உமையாள்.

ஷாமினி காப்பியைக் கலக்கினாள். "ஜட்ஜுங்க மனுஷங்கதானே ஆன்டி. குடும்பமே மன்னிச்சிட்டாங்கன்னு ஒரு வரி இருந்தா ரொம்ப ஹெல்ப் ஆகும். மன்னிக்கலன்னு வந்தா கஷ்டம்." பையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தாள். "இந்தக் கேஸ் கிள்ளான்ல. கார்த்திகேசுன்னு ஒருத்தர்."

உமையாள் தம்ளரைக் கீழே வைத்தாள். அந்த வழக்கில் தான்தான் மொழிபெயர்த்தவள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விசாரணையில் நின்ற ஆள் இந்த வேலைக்குப் போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? "எப்போ போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிள்ளானுக்குப் போனார்கள். இந்தியர் கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. ஷாமினி வேறொரு காருக்குப் பக்கத்தில் குறுக்கே நிறுத்திவிட்டு, கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்தாள்.

சலாவுதீனின் மனைவி முத்து பீவி அந்தக் கடையை விடவே இல்லை. தொண்டியிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள், இப்போது அறுபத்தைந்து. மகள் ஷஹானா ஜொகூரில் டீச்சர். கடையில் இரண்டு பெண்கள் வேலைக்கு இருந்தார்கள். நுழைகிற வாசலுக்கு ரொம்பப் பக்கத்தில், நடப்பதற்கு இடைஞ்சலாக, ரசீது போடுகிற மேசை கிடந்தது. ஷாமினி அதில் இடுப்பை இடித்துக்கொண்டாள்.

"அது அங்கதாங்க கெடக்கும்," என்றாள் முத்து பீவி. "அந்த எடத்துல யாரும் கால் வச்சுறக் கூடாதுன்னு போட்டது."

உமையாள் மேசையைச் சுற்றி ஒதுங்கி நடந்தாள்.

மேலே போய் உட்கார்ந்தார்கள். உமையாள் தன்னைப் பற்றிச் சொன்னதும், "செட்டியார் வீடா? அப்ப ஆச்சின்னே கூப்புடுறேன்" என்று ரோஸ் சிரப் கலந்து கொடுத்தாள் முத்து பீவி. ஷாமினி வந்த விஷயத்தைச் சொன்னாள், உமையாள் அதைத் தெளிவான தமிழில் சொன்னாள். எந்த மனுஷனுக்கும் உயிர் வாழ உரிமை உண்டு, அது கொலை செய்தவனுக்கும் உண்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கோர்ட்டு கேட்கிறது.

முத்து பீவி முந்தானையை நீவிக்கொண்டாள். "பதினஞ்சு வருசமா என்னைய யாரும் எதுவும் கேட்டதில்ல. சாட்சி சொல்லக் கூப்புட்டாக, போனேன், வெளியவே உக்கார வச்சுத் திருப்பி அனுப்பிட்டாக. தீர்ப்பை டிவில பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் வந்து கேக்குறீக."

அப்போது ஷாமினியின் போன் அடித்தது. கீழே ஒரு லோரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். "சாரி ஆன்டி, கார எடுக்கணும், ரெண்டு நிமிஷம்" என்று படியில் இறங்கி ஓடினாள்.

முத்து பீவி அவள் வரும்வரை காத்திருக்கவில்லை. சொல்ல வந்தது தொண்டைக்கு வந்துவிட்டது.

"ஆச்சி, அவன் சாக வேணாம். அவனைக் கொன்னு எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. உசிரைக் குடுத்தவன் அல்லா, அவன் எடுத்துக்கிருவான். கவர்மெண்டு எடுக்க வேணாம், என் பேரைச் சொல்லி எடுக்கவே வேணாம். ஆனா நான் மன்னிக்கல. அவுக மூணு நாளு கண்ணு தொறக்காம கெடந்தாக. நான் பக்கத்துல உக்காந்து யாசீன் ஓதிக்கிட்டு இருந்தேன். அந்த மூணு நாளை நான் மன்னிக்க மாட்டேன். மறுமையில அவனை நிறுத்தி வச்சுக் கேப்பேன். அதையும் எழுதிக்கிருங்க."

"எழுதுறேன் அக்கா," என்றாள் உமையாள்.

ஷாமினி மூச்சிரைக்க மேலே வந்தாள். "சொல்லிட்டாங்களா?" பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள், "மன்னிக்கிறாங்களா?"

உமையாள் முப்பத்தாறு வருஷமும் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. முத்து பீவி எதிரே உட்கார்ந்து, இந்த ஆச்சி ஒழுங்காகச் சொல்லுவாள் என்ற நம்பிக்கையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமையாளுக்குப் பின்னால், சுவருக்கும் அவளுக்கும் நடுவில், "கேக்கலக்கா" என்று ஒரு குரல்.

"யெஸ்," என்றாள் உமையாள்.

ஷாமினி மடிக்கணினியில் தட்டினாள். கைப்பெட்டி அளவுக்கு ஒரு பிரின்டரையும் கொண்டு வந்திருந்தாள், தாள் வெளியே வந்தது. கையெழுத்துப் போடுமுன் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கீழே மறுபடி ஹாரன் கேட்டு ஷாமினி படியில் இறங்கி ஓடினாள். தாளில், என் கணவரைக் கொன்றவரை நான் மன்னித்துவிட்டேன், அவர் உயிரோடு இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. உமையாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தாள். அவர் சாக வேண்டாம். ஆனால் நான் மன்னிக்கவில்லை. அந்த மூன்று நாட்களை மன்னிக்க மாட்டேன். அவளுடைய குரல் நடுங்கவே இல்லை. அதுதான் பிறகு அவளை ரொம்ப நாள் பயமுறுத்தியது.

முத்து பீவி, "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டாள். கீழே, உண்மையாக மொழிபெயர்த்தேன் என்று உமையாள் போட்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அடுத்த நாள் பாசாருக்குப் போனாள், யாரும் பின்னால் கூப்பிடவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. பதினாலு வருஷத்தில் அப்படியொரு வாரம் அவளுக்கு வாய்த்ததில்லை.

புத்ராஜெயாவில், மேல் நீதிமன்றத்தில் விசாரணை நடந்த அன்று அவள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். கார்த்திகேசுவுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தான். அவன் பக்கத்தில் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் நின்றார். ஷாமினி எழுந்து மற்றதோடு முத்து பீவியின் வாக்குமூலத்தையும் படித்தாள். நீதிபதிகளில் ஒருவர் அந்தப் பெண்மணியின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். தூக்கு போய், கைதான நாளிலிருந்து முப்பது வருஷச் சிறையும் பன்னிரண்டு ரோத்தான் பிரம்படியும் என்று தீர்ப்பானது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுடைய தங்கை அமுதவள்ளி. நீதிபதி சொன்ன அந்த ஒரு வாக்கியம் உமையாளின் காதிலேயே நின்றது. திரும்புகிற வழியில், ரயிலில், ஒரு குரல் வந்தது. இந்தத் தடவை அது கார்த்திகேசு இல்லை.

"அதையும் எழுதிக்கிருங்க."

பத்து நாள் கழித்து முத்து பீவி போன் செய்தாள். "ஆச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க." வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உமையாள் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனாள். மேல்மாடியில் மேசை மேல் ஒரு பழக்கூடை இருந்தது. ஆப்பிளும் ஆரஞ்சும் அப்படியே வாடிக்கொண்டிருந்தன.

"அந்தப் பையனோட தங்கச்சி வந்துச்சு," என்றாள் முத்து பீவி. "கடைக்குள்ள, ஆளுக முன்னாடி, என் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. மன்னிச்சிட்டீங்களே அம்மா, எங்க அம்மா இருந்திருந்தா உங்களைக் கும்பிட்டிருப்பாங்கன்னு சொல்லுது. நான் இல்லைன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். வரல. அந்தப் புள்ள மொகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்றது? கூடையை வச்சுட்டுப் போயிருச்சு. என்ன எழுதுனீக ஆச்சி?"

உமையாள் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. 2010-ல் அந்தத் தீர்ப்பைச் சொன்ன வாய் தன்னுடையது என்பதையும், தங்கமணி கேட்டதையும், வாசித்துக் காட்டும்போது தாளில் இல்லாததை வாசித்ததையும் சொன்னாள். "ஒரு உயிர்னு நினைச்சேன் அக்கா" என்று முடித்தாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று தெரிந்தது.

முத்து பீவிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. 

"அவுகளை அடிச்சப்ப என்னைக் கேக்கல. சாகணும்னு தீர்ப்புச் சொன்னப்பவும் கேக்கல. கடைசில மன்னிப்பையும் என்னைக் கேக்காமலே குடுத்துட்டீக."

"அக்கா..."

"நீங்கதானே வந்து சொன்னீக, எந்த மனுசனுக்கும் உசிரு மேல உரிமை இருக்குன்னு. நான் அதை ஒத்துக்கிட்டேனா இல்லையா? சாக வேணாம்னு முதல்ல சொன்னது யாரு? நானு. அது போதலையா உங்களுக்கு? உரிமைன்னா நான் மன்னிச்சா என்ன, மன்னிக்காட்டி என்ன? அவன் உசிரை எதுக்கு என் மன்னிப்புல கொண்டுபோய்க் கட்டுனீக? நீங்க சொன்னதை நீங்களே நம்பல ஆச்சி. நான் நம்புனேன்."

 முத்து பீவி கூடையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். மன்னிக்கலங்கிறது. பதினஞ்சு வருசமா அதை வச்சுக்கிட்டுத்தான் தொழுதேன். இப்ப ஊரு முழுக்க நான் மன்னிச்சவ. போய்த் திருத்துங்க. கோர்ட்டுல திருத்துங்க. அந்தப் புள்ளகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஷாமினியிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்தது. "ஆன்டி, உங்களுக்குப் புரியுதா? இது வெளிய வந்தா மத்த கேஸ்ல உள்ள வாக்குமூலம் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. இன்னும் நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. நாலு உயிர்."

"அந்த நாலு பேருக்கும் நான் மொழிபெயர்க்கலையே."

"அதுக்கு இல்ல ஆன்டி. அவங்கதான் சாக வேணாம்னு சொல்லிட்டாங்களே. ஒரு வார்த்தைக்காக..."

"அந்த ஒரு வார்த்தைதான் அவங்களோடது," என்றாள் உமையாள். "நீதானே சொன்னே, என்ன ஆனாலும் அந்த உரிமை போகாதுன்னு. மன்னிக்கலன்னு தெரிஞ்சா மட்டும் போயிடுமா?"

ஷாமினி அழுதுவிட்டாள். அவள் நல்ல பெண். மூன்று நாள் தூங்காமல் வாதம் தயாரித்தவள். கடைசியில் அவளேதான் கடிதம் எழுத உதவினாள். உமையாள் தன் பெயர் போட்டு, தான் செய்ததை ஒளிக்காமல், சரியான மொழிபெயர்ப்போடு அனுப்பினாள். போலீசில் கூப்பிடுவார்கள் என்று மாணிக்கம் பயந்தார். "ஒருத்தனைக் காப்பாத்தப் பொய் சொன்னே. அதுல என்னடி பாவம்?" என்று அவரே, செஞ்சவன் அனுபவிக்கணும் என்று சொன்ன அவரே, நடு ஹாலில் நின்று கேட்டார். நான்கு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது, தீர்ப்பில் மாற்றம் இல்லை. இரண்டு வரி. அந்தத் தீர்ப்புக்கு முத்து பீவியின் மன்னிப்பு தேவைப்பட்டதா இல்லையா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

கம்போங் மேடானில் அமுதவள்ளியின் வீடு பதினோராவது மாடி. லிப்ட் ஏழோடு நின்றுவிட்டது. மிச்சத்தை உமையாள் நடந்து ஏறினாள். அமுதவள்ளி கம்பிக் கதவைத் திறந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கோர்ட்டில் பார்த்த ஆன்டி என்று அடையாளம் கண்டுகொண்டாள். சுவரில் தங்கமணியின் படம் மாலையோடு இருந்தது. உமையாள் அதற்கு முதுகு காட்டி உட்கார முடியாமல், அதைப் பார்த்தும் உட்கார முடியாமல், நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்த அம்மா மன்னிக்கல. சாக வேணாம்னு சொன்னாங்க. மன்னிக்க மாட்டேன்னும் சொன்னாங்க. மன்னிச்சாங்கன்னு மாத்திச் சொன்னது நான்."

அமுதவள்ளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கம்பிக் கதவுப் பக்கம் போய் நின்றாள்.

"இதை எதுக்கு ஆன்டி வந்து சொல்றீங்க? கடைக்குப் போய் அவங்க காலைப் புடிச்சதை ஜெயில்ல அண்ணன்கிட்ட சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்படி அழுதான். நான் அவனைக் கட்டிப் பிடிச்சு பதினாறு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடி போய் இல்லைன்னு சொல்லணுமா?"

"நீங்க சொல்லணும்னு நான் கேக்கல."

"சொல்லலைன்னா அது பொய்யால்ல இருக்கும்." கதவைத் திறந்து பிடித்தாள். "போங்க ஆன்டி. ப்ளீஸ்."

உமையாள் நாலு மாடி நடந்து இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் யார் வீட்டிலோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அமுதவள்ளியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் பஸ் சத்தம். "ஆன்டி, அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.  அப்புறம், நான் அவங்கள மன்னிப்பே கேக்கலையே, அவங்க எப்படிக் குடுப்பாங்கன்னான். ஒரு லெட்டர் எழுதணுமாம். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையாம். தமிழ் மறந்துபோச்சாம். நீங்க எழுதித் தர முடியுமான்னு கேக்கச் சொன்னான்."

உமையாள் அதை நான்கு தடவை கேட்டாள். முடியாது, அவரே எழுதட்டும், தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்லை என்று பதில் அனுப்பினாள். அந்தக் கடிதம் வந்ததா, வந்தால் அதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போது அவள் வாக்குமூலம், பத்திரம் எதையும் மொழிபெயர்ப்பதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு வேறு ஆளின் நம்பரைக் கொடுக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கொமுட்டரில் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறாள். முத்து பீவி அவளை வா என்று சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. உமையாள் ஒரு துணி எடுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முத்து பீவி மற்ற எல்லாரிடமும் தொண்டித் தமிழில் வாயாடுவாள். உமையாளிடம் மட்டும், தன் தமிழை இனி அவள் கையில் கொடுக்க மாட்டேன் என்பது போல, மலாயில் பேசுகிறாள். தட்டுத்தடுமாறி, சொல் கிடைக்காமல் நின்று, கையைக் காட்டி, ஆனாலும் மலாயில். "பெரபா மீட்டர்?" எத்தனை மீட்டர் வேண்டும்? உமையாளும் மலாயிலேயே பதில் சொல்கிறாள். துணியை வெட்டி மடித்துப் பையில் போடும் வரை இருவரும் அப்படியே நிற்கிறார்கள்.